புதுச்சேரியில் டைவ், அன்று ராத்திரியே ஏற்காடு: தம்பிக்கு வந்த டீகம்ப்ரஷன் சிக்னஸ்

பெருந்துறை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. நான் டைவ் செய்கிறவள் இல்லை. என் தம்பி செய்கிறவன். ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் சனி ஞாயிறில் புதுச்சேரிக்கும் முருடேஸ்வரத்துக்கும் போய் ஸ்கூபா கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். ஆழத்தில் இருந்து மேலே வந்த பிறகு உடம்புக்குள் நைட்ரஜன் குமிழி உண்டாகி வரும் நோய்க்குத்தான் டீகம்ப்ரஷன் சிக்னஸ் என்று பெயர்.

தம்பி ஏற்கெனவே அடிப்படைச் சான்றிதழ் வாங்கியிருந்தான். இந்த முறை அட்வான்ஸ்டு கோர்ஸுக்காக நண்பர்களோடு புதுச்சேரி போனான். முதல் நாளும் டைவ், மறுநாள் காலையிலும் டைவ். அதில் ஒன்று 30 மீட்டரை ஒட்டிய ஆழம். படகில் அலை அதிகம் என்பதால் வாந்தி எடுத்திருக்கிறான், காலையில் இருந்து தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. கரைக்கு வந்ததும் சிலிண்டர்களை வண்டிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கார் கிளம்பிவிட்டது. ஈரோட்டுக்கு நேராக வந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும். "போற வழிதானே, ராத்திரி ஏற்காட்டில் தங்கிட்டுக் காலையில் இறங்கிடலாம்" என்று முன்பே அறை போட்டிருந்தார்கள். அங்கே இருந்த யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. விமானம் ஏறக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மலை ஏறுவதைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே இடது தோளில் வலி ஆரம்பித்திருக்கிறது. சிலிண்டர் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று நினைத்து, தைலம் தேய்த்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். விடியற்காலையில் எழுந்தபோது இரண்டு பாதமும் மரத்துப்போன மாதிரி. நடந்தால் கால் தள்ளாடுகிறது. அதைவிட முக்கியம், சிறுநீர் பிரியவில்லை. அதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே போனில் கடைசியாகத்தான் சொன்னான்.

சேலத்துக்கு இறங்கினார்கள். இறங்கியதும் தோள்வலி பாதியாகக் குறைந்துவிட்டது. அதுதான் எங்களை ஏமாற்றியது. "பாத்தியா, மலைக் குளிர்தான்" என்று நண்பர்கள் நிம்மதி அடைந்துவிட்டார்கள். முதலில் போன மருத்துவமனையில் விரலில் கருவி மாட்டிப் பார்த்து, ஆக்ஸிஜன் அளவு 98 இருக்கிறது, ஒன்றும் இல்லை, முதுகுத் தசைப் பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். டைவ் செய்துவிட்டு வந்ததை இவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவருக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரு நண்பன் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போகலாம் என்று சென்னிமலைப் பக்கம் ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

கடைசியில் உயிரைக் காத்தது ஒரு போன். புதுச்சேரியில் சொல்லிக் கொடுத்த இன்ஸ்ட்ரக்டருக்கு நான் போன் செய்து, கால் மரத்துப்போயிருக்கு, ஒண்ணுக்குப் போக முடியலை என்றதுமே, "அக்கா, வேறு எதுவும் பண்ணாதீங்க, உடனே ஆக்ஸிஜன் மாஸ்க், நேரா சென்னை" என்றார். ஆம்புலன்ஸ் பிடித்து, ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகப் போனோம். தொப்பூர், கிருஷ்ணகிரி வழி வேண்டாம், அது மேட்டு நிலம் என்று அவரே சொன்னார். வழி முழுக்க ஆக்ஸிஜன். சென்னையில் அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். முதல் தடவை உள்ளே போய் வெளியே வர ஐந்து மணி நேரம் ஆனது. பிறகு பல தடவை. இப்போது நடக்கிறான், வேலைக்குப் போகிறான். வலது பாதத்தில் மட்டும் மரமரப்பு இன்னும் இருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதை எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.


கோவை டைவ்மாஸ்டர் எழுதியது:

அக்கா, தம்பி நடக்கிறார் என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. சிறுநீர் பிரியவில்லை என்றால் தண்டுவடம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இன்ஸ்ட்ரக்டர் சரியாகப் பிடித்தார்.

மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் நம்மைச் சுற்றி 4 மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்தில்தான் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டரில் இருந்து வாய்க்குக் காற்றுத் தரும் கருவி, காற்றைக் கொடுக்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடம்புக்கு அது தேவையில்லை, எரிக்கவும் முடியாது. அழுத்தம் கூடக் கூட ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். மேலே வரும்போது நுரையீரல் வழியாக மெதுவாக வெளியேற வேண்டும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் கரைந்திருப்பது உள்ளேயே குமிழியாகிவிடும்.

எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் வாங்கி ஒரே வேகத்தில் விடுவதில்லை. நம் காட்டில் செம்மண் மழையைச் சட்டென்று குடித்துச் சட்டென்று காய்ந்துவிடும், கரிசல் மெதுவாகக் குடித்து நாள் கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். ரத்தமும் மூளையும் செம்மண் ரகம். மூட்டும் கொழுப்பும் கரிசல் ரகம். 1908-ல் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து முதல் டைவ் அட்டவணைகளை வெளியிட்டபோதே உடம்பை இப்படி 5 வகையாகப் பிரித்துத்தான் கணக்குப் போட்டார். பாதி நிரம்ப 5 நிமிடம் எடுப்பது முதல் 75 நிமிடம் எடுப்பது வரை. இன்று கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரும் அதே வழியில் வந்ததுதான், வகைகள் மட்டும் கூடியிருக்கின்றன.

இதனால் கரைக்கு வந்துவிட்டோம், டைவ் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. உடம்புக்குள் டைவ் இன்னும் முடியவில்லை. இரண்டு நாள் தொடர்ந்து டைவ் செய்தவரின் உடம்பில் அன்று மாலையும் மிச்ச நைட்ரஜன் இருக்கும். அந்த நிலையில் ஏற்காட்டுக்கு ஏறினால் என்ன ஆகும்? ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். கடல் மட்டத்தைவிட அங்கே காற்றழுத்தம் சுமார் 6-ல் 1 பங்கு குறைவு. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே கிட்டத்தட்ட 4-ல் 1 பங்கு குறைவு. விமானத்துக்குள் அழுத்தத்தை அதிகபட்சம் 8,000 அடி, அதாவது 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். கணக்குப் பாருங்கள். ஊட்டியில் தங்குவதும் விமானத்தில் உட்கார்ந்திருப்பதும் உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். விமானமாவது சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஊட்டியில் ராத்திரி முழுக்கத் தூங்குகிறோம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், விமானத்தையும் தாண்டிவிட்டது.

டைவ் செய்கிறவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் காத்திருப்பு நேரம் இது: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ், அல்லது பல நாள் தொடர் டைவ் என்றால் குறைந்தது 18. மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தம் போட வேண்டிய ஆழமான டைவ் என்றால் 18-க்கும் நன்றாக மேலே. 2,000 அடிக்கு (சுமார் 610 மீட்டர்) மேல் 8,000 அடி வரை உள்ள உயரத்துக்கு இதைச் சொல்கிறார்கள். நான் என் கூட வருகிறவர்களுக்கு எப்போதும் 24 மணி நேரம் என்றே சொல்லிவிடுவேன், கூட்டிக் கழிக்கிற வேலை மிச்சம்.

கோவை 411 மீட்டர்தான், 2,000 அடிக்குக் கீழே. ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம் எல்லாம் அதைவிடத் தாழ்வு. வீட்டுக்கு வருவதில் பயம் இல்லை. கடலில் இருந்து நம் ஊருக்கு வரும் வழியில் ஒதுங்குகிற இடங்கள்தான் எல்லாம் மலை: ஏற்காடு, ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், வால்பாறை. பெங்களூரு, மைசூரு கூட 2,000 அடிக்கு மேல்தான் என்பதையும் மனதில் வையுங்கள்.


தாராபுரம் ரோடு எழுதியது:

கேட்கவே கஷ்டமாக இருக்குதுங்க அக்கா. ஆனால் ஒரு சந்தேகம். நானும் நண்பர்களும் முருடேஸ்வரத்தில் இருந்து படகில் போய் நேத்ராணித் தீவில் டைவ் செய்துவிட்டு, ராத்திரி வண்டி ஓட்டி, பந்திப்பூர் செக்போஸ்ட் காலை 6 மணிக்குத் திறக்கும் வரை காத்திருந்து, கூடலூர், ஊட்டி வழியாகப் பலமுறை வந்திருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. தம்பியின் கம்ப்யூட்டர் எச்சரிக்கை கொடுத்ததா? அது கொடுக்கவில்லை என்றால் இது வேறு ஏதாவது நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம் அல்லவா? முந்தின நாள் ராத்திரி புதுச்சேரியில் ஏதாவது குடித்தார்களா?


பெருந்துறை அக்கா எழுதியது:

கம்ப்யூட்டர் எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லைங்க. 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பும் ஒவ்வொரு முறையும் செய்திருக்கிறான். அவன் குடிப்பதில்லை. இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியிலும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவன் ஏதோ தப்புச் செய்தால்தான் வந்திருக்கும் என்கிற மாதிரி. அந்த வெட்கத்தில்தான் ராத்திரி முழுக்கச் சொல்லாமல் படுத்திருந்தான் என்று இப்போது தோன்றுகிறது.


காங்கயம் டாக்டர் எழுதியது:

சகோதரி கடைசியாகச் சொன்னதில் இருந்து தொடங்குகிறேன். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவன், சொந்தமாக டைவும் செய்பவன். விதிகளை எல்லாம் சரியாகப் பின்பற்றியவருக்கும் இந்த நோய் வரும். கம்ப்யூட்டர் அளப்பது ஆழத்தையும் நேரத்தையும். மணிக்கட்டில் இருக்கும் கருவிக்கு நீங்கள் வாந்தி எடுத்ததும், தண்ணீர் குடிக்காததும், டைவ் முடிந்ததும் பாரம் தூக்கியதும் தெரியாது. கிட்டத்தட்ட நான்கு பேரில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில், பிறக்கும்போது மூட வேண்டிய ஒரு சிறு திறப்பு மூடாமலே இருக்கும். அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. சிரைப் பக்கம் வரும் குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிட வேண்டும். இந்தத் திறப்பு வழியாக அவை நேராகத் தமனிப் பக்கம் போய் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஏறலாம். இது யாருடைய தப்பும் இல்லை. குடித்தாயா, ஆழம் போனாயா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கும் வரை பிள்ளைகள் வலியை மறைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். தாராபுரம் நண்பர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியைச் சிகிச்சை முடிந்த பிறகு கேட்கலாம். பலமுறை ஒன்றும் ஆகவில்லை என்பதும் பாதுகாப்புக்கு ஆதாரம் ஆகாது.

இனி அறிகுறிகள். பெரும்பாலோருக்கு முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும், ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு நாளுக்குள். நடுவில் உயரத்துக்கு ஏறினால் அடங்கியிருந்ததும் கிளம்பும். தோள், முழங்கை, முழங்காலில் அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் ஆழ்ந்த வலி. வயிற்றிலும் தோளிலும் நீலமும் சிவப்புமாகத் திட்டுத் திட்டான தோல். தூங்கியும் தீராத, வழக்கத்துக்கு மாறான அசதி. இவற்றை லேசான ரகம் என்பார்கள். மரமரப்பு, கால் தளர்ச்சி, தள்ளாட்டம், தலைசுற்றல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், சிறுநீர் பிரியாமை. இதில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு கால் முன்னே இன்னொரு காலைக் குதியும் விரலும் ஒட்ட வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், இரண்டு கைப் பிடியின் பலமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். எந்த லாட்ஜ் அறையிலும் செய்யலாம்.

அந்த 98 விஷயம்தான் என்னை மிகவும் வருத்தப்பட வைத்தது. கொரோனா காலத்துக்குப் பிறகு அந்தக் கருவி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, எண் நன்றாக இருந்தால் ஆக்ஸிஜன் வேண்டாம் என்று மனதில் பதிந்துவிட்டது. டீகம்ப்ரஷன் சிக்னஸில் நாம் ஆக்ஸிஜன் கொடுப்பது ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்துவிட்டது என்பதற்காக இல்லை. மூச்சில் நைட்ரஜனே இல்லாமல் செய்தால், உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் குமிழியில் இருக்கும் நைட்ரஜனும் வேகமாக நுரையீரலுக்கு வந்து வெளியேறும். எண் 100 என்று காட்டினாலும் கொடுக்க வேண்டும். பையோடு கூடிய நான்-ரீப்ரீதர் மாஸ்க், நிமிடத்துக்கு 15 லிட்டர். மூக்கில் சொருகும் குழாய் போதாது. மல்லாக்கப் படுக்க வைக்கவும். நினைவு தெளிவாக இருந்து, வாந்தி இல்லை என்றால் தண்ணீர் கொடுக்கலாம். சிறுநீர் பிரியவில்லை என்றால் வாய்வழியாக அதிகம் கொடுக்காமல், குழாய் போட்டு எடுக்க மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

ஆக்ஸிஜன் கொடுத்ததும் பலருக்கு வலி போய்விடும். மலையில் இருந்து இறங்கியதும் குறைவது போலத்தான் அதுவும். குமிழி சுருங்கியிருக்கிறது, தீரவில்லை. வலி போய்விட்டது என்று வீட்டுக்குப் போகக் கூடாது. சரியான சிகிச்சை மறு அழுத்த அறைதான். பெரும்பாலும் அமெரிக்கக் கடற்படையின் 6-ம் எண் அட்டவணைப்படி செய்வார்கள். 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தூய ஆக்ஸிஜன், நடுநடுவே 5 நிமிடம் சாதாரணக் காற்று, பிறகு 9 மீட்டர் அழுத்தத்துக்கு மெதுவாகக் குறைத்து அங்கேயும் நீண்ட நேரம். மொத்தம் 4 மணி 45 நிமிடம். சகோதரி சொன்ன ஐந்து மணி நேரம் அதுதான்.

நீவி விடுவது, தைலம், கட்டு, இவை எதுவும் குமிழியைக் கரைக்காது. நேரம்தான் போகும். வலி மாத்திரை போட்டால் நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும்.


அந்தியூர் சந்தை எழுதியது:

ஏனுங்க, நாங்கள் சின்ன வயதில் கிணற்று மேட்டில் இருந்து குதித்து, அடி வரைக்கும் போய் மண் எடுத்து வருவோம். எங்கள் அப்புச்சி காலத்துக் கிணறு, மழைக்காலத்தில் 60 அடிக்குத் தண்ணீர் நிற்கும். மேலே வரும்போது சர்ரென்று வருவோம். ஸ்கூபாவில் மேலே வரும்போது 9 மீட்டருக்கு ஒரு நிமிடம் எடுக்க வேண்டும் என்கிறார்களே, அப்படி யாரும் எண்ணியதில்லை. எங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? என் பேரன் ஸ்கூபா போகிறேன் என்கிறான், நல்ல நீச்சல்காரன்தான், அதனால் கேட்கிறேன்.


கோவை டைவ்மாஸ்டர் எழுதியது:

நல்ல கேள்விங்க பெரியப்பா. கிணற்றில் மூழ்கும்போது நீங்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு போகிறீர்கள். அந்த ஒரு மூச்சில் இருக்கும் நைட்ரஜன்தான் கரைய முடியும், நேரமும் ஒரு நிமிடத்துக்குள். ஸ்கூபாவில் 18 மீட்டரில், அதாவது உங்கள் 60 அடியில், முக்கால் மணி நேரம் இருந்துகொண்டு அந்த அழுத்தத்திலேயே காற்றை மறுபடி மறுபடி இழுக்கிறோம். சேரும் அளவு ஒப்பிடவே முடியாது.

பேரனிடம் இதைவிட முக்கியமாக ஒன்று சொல்லுங்கள். கிணற்றுப் பழக்கம் உள்ளவர்கள் தண்ணீருக்குள் மூச்சை அடக்கியே பழகியவர்கள். சிலிண்டரோடு போகும்போது மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டரில் நெஞ்சு நிறையக் காற்று இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து காற்று நேராக ரத்தத்துக்குள் போய்விடும். அது டீகம்ப்ரஷன் சிக்னஸ் இல்லை, வேறு விபத்து, மேலே வந்த சில நிமிடங்களிலேயே ஆள் விழுந்துவிடுவார். நல்ல நீச்சல்காரப் பிள்ளைகளுக்குத்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, பயப்படுகிறவர்கள் மூச்சை விட்டுக்கொண்டே இருப்பார்கள்.


முத்துநகர் மருமகள் எழுதியது:

நான் தூத்துக்குடிக்காரி, கல்யாணம் ஆகித் திருப்பூர் வந்தவள். இந்தப் பேச்சைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் சங்குகுளி மீனவர்கள் உண்டு. முத்துக்குளித்த காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் மூழ்கினார்கள். பிறகு படகில் கம்ப்ரஸரை வைத்து, குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருந்து சங்கு எடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவில் ஒரு சித்தப்பா இப்படிக் குளித்துவிட்டு வந்து, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு காலும் விழுந்துவிட்டது. அப்போது ஊரில் அதற்கு வாதம் என்று பெயர். கடலுக்குள் மறுபடி இறக்கினால் சரியாகும் என்று கூட்டிப்போனதும் எனக்கு நினைவிருக்கிறது. கடைசி வரை அவர் நடக்கவில்லை.

பொழுதுபோக்குக்குப் போகிறவர்களுக்கு இன்ஸ்ட்ரக்டர், கம்ப்யூட்டர், போனில் ஆலோசனை எல்லாம் இருக்கிறது. சங்குகுளிக்கிறவர்களுக்கு ஆழமும் தெரியாது, நேரமும் தெரியாது, சங்கு கிடைக்கும் வரை மேலே வர மாட்டார்கள். டாக்டர் ஐயா சொன்ன ஆக்ஸிஜன் விஷயம் நம் கடற்கரை ஊர்களின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிய வேண்டும்.


காங்கயம் டாக்டர் எழுதியது:

அம்மா, உங்கள் சித்தப்பா கதைக்கு 150 வருட வரலாறு இருக்கிறது. 1870-களில் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றின் அடியில் அஸ்திவாரம் தோண்டியபோது, தண்ணீர் புகாமல் இருக்க அழுத்தக் காற்று அடைத்த பெட்டிகளுக்குள் கூலியாட்கள் வேலை செய்தார்கள். வேலை முடித்து வெளியே வந்ததும் மூட்டு வலியிலும் வாதத்திலும் விழுந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் தாமே 1872-ல் இதில் படுத்து, மிச்ச வேலையை வீட்டில் இருந்தே மேற்பார்வை பார்த்தார். நைட்ரஜன் குமிழிதான் காரணம் என்று பிரான்சின் பால் பெர்ட் 1878-ல் நிரூபித்துவிட்டார். அவ்வளவு காலம் முன்பு தெரிந்த ஒன்று திண்ணைக்கு வந்து சேரவில்லை.

மறுபடி கடலுக்குள் இறக்குவது பற்றி ஒரு வார்த்தை. கை கால் தளர்ந்தவரைத் தண்ணீருக்குள் கொண்டு போனால் மூழ்கிச் சாகும் ஆபத்து இருக்கிறது. உடம்பு குளிரும், மேலும் நைட்ரஜன் ஏறும். இதற்கென்றே பயிற்சியும் ஆக்ஸிஜன் ஏற்பாடும் உள்ள குழுக்கள் செய்வது வேறு. நம்மைப் போன்றவர்கள் கரையிலேயே ஆக்ஸிஜன் கொடுத்து அறைக்குக் கூட்டிப் போவதுதான் வழி.


திருப்பூர் பனியன் எழுதியது:

பணம் பற்றி யாராவது சொல்லுங்கள். இதற்கு மருத்துவக் காப்பீடு கிடைத்ததா? அப்புறம், கோவையிலேயே சர்க்கரை நோய்க் கால் புண்ணுக்கு ஹைபர்பாரிக் (அழுத்த அறை) சிகிச்சை என்று விளம்பரம் பார்க்கிறேனே, அங்கே போக முடியாதா? நாங்கள் அடுத்து அந்தமான் போகிறோம்.


பெருந்துறை அக்கா எழுதியது:

எங்கள் பாலிசியில் சாகச விளையாட்டுகளுக்கு இல்லை என்று ஒரு வரி இருந்தது. கைக்காசுதான் போட்டோம். அந்த வரி பல பாலிசிகளில் இருக்கிறதாம். கிளம்பும் முன் எல்லோரும் எடுத்துப் படித்துப் பாருங்கள். டைவ் செய்கிறவர்களுக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது, அழுத்த அறைச் செலவையும் கொண்டுபோகும் செலவையும் அது ஏற்கும் என்று பிறகுதான் தெரிந்தது.


கோவை டைவ்மாஸ்டர் எழுதியது:

பனியன் அண்ணா, நீங்கள் பார்த்த விளம்பரத்தில் இருப்பது எந்த வகை என்று கேட்க வேண்டும். அழகுக்கும் புத்துணர்ச்சிக்கும் வைத்திருக்கும் துணிக்கூடு போன்ற அறைகள் 1.3 மடங்கு அழுத்தம்தான் தரும். டைவ் நோய்க்கு 2.8 மடங்கு வேண்டும். புண்ணுக்கு வைத்திருக்கும் ஒற்றை ஆள் அறைகள் பலவற்றில் அந்த அளவுக்குப் போக மாட்டார்கள், நடுவில் காற்று மாற்றிக் கொடுக்கும் வசதியும் இருக்காது, தண்டுவடப் பாதிப்பை எடுத்துக்கொள்ளும் மருத்துவரும் வேண்டும். போகும் முன்பே போன் செய்து "டைவ் கேஸ் எடுப்பீர்களா, ராத்திரியிலும் திறப்பீர்களா" என்று கேட்டு எண்ணைப் பையில் வைத்திருங்கள். அவசரத்தில் தேடக் கூடாது.

அந்தமானில் போர்ட் பிளேரில் ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரி என்ற கடற்படை மருத்துவமனையில் அறை இருக்கிறது. ஹேவ்லாக் தீவில் நீங்கள் டைவ் செய்யும் கடையில் முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள்: படகில் ஆக்ஸிஜன் இருக்கிறதா, சிலிண்டர் நிறைந்திருக்கிறதா. காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் டைவ் வைக்காதீர்கள். அந்த ஒரு நாளைப் போர்ட் பிளேரில் செல்லுலார் சிறை பார்க்க வைத்துக்கொண்டால் காத்திருப்பும் ஆயிற்று. ஒரே பயணத்தில் ஆழமான டைவை முதலில் முடித்து, நாள் போகப் போக ஆழம் குறைத்து வாருங்கள். நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டி நைட்ரஜன் குறைத்த காற்று) கற்றவர்கள் 32 சதவீத ஆக்ஸிஜன் கலவையை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைச் சாதாரணக் காற்றுக் கணக்கிலேயே வைத்திருந்தால் கூடுதல் பாதுகாப்புக் கிடைக்கும், ஆனால் அந்தக் கலவைக்கு உள்ள ஆழ வரம்பைத் தாண்டக் கூடாது.

ஏதாவது ஆனால் கம்ப்யூட்டரை அணைத்து ரீசெட் செய்யாதீர்கள். அதை அப்படியே மருத்துவரிடம் கொடுங்கள். கடைசி டைவ் எத்தனை மணிக்கு முடிந்தது, அதிகபட்ச ஆழம், எத்தனை டைவ், எத்தனை மணிக்கு எந்த மலை ஏறினோம் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே அனுப்புங்கள். 108-ல் ஏறும்போதே ஆக்ஸிஜன் மாஸ்க் கேளுங்கள். விமான ஆம்புலன்ஸ் என்றால் உள்ளே கடல்மட்ட அழுத்தம் வைக்க முடியுமா என்று கேட்டுத்தான் ஏற வேண்டும்.


தாராபுரம் ரோடு எழுதியது:

டாக்டர் சொன்னது உறைத்தது. அக்கா, கேட்ட விதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அடுத்த நேத்ராணிப் பயணத்துக்கு வழியை மாற்றிவிட்டோம். திரும்பும்போது மங்களூரு, கோழிக்கோடு, பாலக்காடு என்று கடற்கரையை ஒட்டியே வந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்தால் மலையே ஏற வேண்டியதில்லை. தூரம் கொஞ்சம் சுற்று, பரவாயில்லை. ஊட்டி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகப் போகும்போதே அங்கே ஒரு ராத்திரி வைத்துக்கொண்டோம். மலையில் இருந்து கடலுக்கு இறங்குவதில் சிக்கல் இல்லை அல்லவா?


கோவை டைவ்மாஸ்டர் எழுதியது:

சிக்கல் இல்லைங்க. மலை முதலில், கடல் பிறகு. திருப்பிப் போட்டால் போதும், எல்லாமே பார்த்துவிடலாம்.


வால்பாறை சாரல் எழுதியது:

எங்கள் மாதிரி மலையிலேயே வீடு இருப்பவர்கள் என்ன செய்வது? நான் எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் கேரளத்துக் கோவளத்தில் அடிப்படைக் கோர்ஸ். ஞாயிறு மதியம் கடைசி டைவ். திங்கள் காலை வேலைக்கு வர வேண்டும். வால்பாறை 3,500 அடி.


காங்கயம் டாக்டர் எழுதியது:

தம்பி, 3,500 அடி என்றால் 2,000 அடி வரம்புக்கு மேல்தான். பல நாள் தொடர் டைவ், அதனால் குறைந்தது 18 மணி நேரம். ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு முடித்தால் திங்கள் காலை ஏழு மணி ஆகிவிடும், அதுவும் அடிமட்டக் கணக்குதான். கோர்ஸ் நடத்துபவரிடம் பேசிக் கடைசி டைவைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் திங்கட்கிழமைக்கு விடுப்புச் சொல்லிவிடுங்கள். அதிரப்பள்ளி வழியாக ஏறாமல் பாலக்காடு வழியாகப் பொள்ளாச்சிக்கு வாருங்கள். ஞாயிறு ராத்திரி அங்கே தங்கி, நிறையத் தண்ணீர் குடித்து, திங்கள் மதியத்துக்கு மேல் ஆழியாறு வழியாக ஏறுங்கள். ஏறும் முன் தோளிலோ முழங்காலிலோ புதிதாக வலி, காலில் மரமரப்பு என்று எது இருந்தாலும் ஏறக்கூடாது. பொள்ளாச்சியிலேயே ஆக்ஸிஜன் கேட்டு, எனக்கு இங்கே தனிச் செய்தி அனுப்புங்கள். அடுத்து எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைப் பேசி முடிவு செய்யலாம்.